சைரன் போடாமல் போலீஸ் கார் ஓட்டுவது எப்படி?

இங்கிலாந்தில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, பயிற்சியை ஒருவழியாகத் தாண்டி, ‘ரெஸ்பான்ஸ்’ அணிக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்துகள். யார் அவசர எண்ணான 999-ஐ அழுத்தினாலும் முதலில் ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான். நிலையத்தின் பின்முற்றத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் போட்ட வோக்ஸ்ஹால் அஸ்ட்ரா நிற்கிறது. கூரைமேல் நீல விளக்கு. பார்த்ததும் உங்கள் கை தானாகச் சாவிப் பலகையை நோக்கிப் போகும். இழுத்துக்கொள்ளுங்கள். சாவி உங்களுக்கு இல்லை.

ஊரில் பத்து வருஷம் வண்டி ஓட்டியவன், தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகர் உஸ்மான் சாலையில் காரை நுழைத்துக் கீறல் இல்லாமல் வெளியே எடுத்தவன் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். சார்ஜென்ட் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்துவிடுவார்.

அந்த நாட்டில் லைசென்ஸ் வேறு, போலீஸ் கார் ஓட்டும் தகுதி வேறு. தகுதியிலும் படிகள் உண்டு. அடிப்படை ஓட்டுநர் போலீஸ் காரை ஓட்டலாம். விளக்கும் சைரனும் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாது. பறக்க வேண்டுமானால் ரெஸ்பான்ஸ் ஓட்டுநர் பயிற்சி முடிக்க வேண்டும். அது சுமார் மூன்று வாரம். அதற்கும் மேலே ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு படி இருக்கிறது. நெடுஞ்சாலையில் பெரிய வண்டிகளை விரட்டுகிறவர்கள் அந்த வகை. நீங்கள் இப்போதைக்கு எந்தப் படியிலும் இல்லை. நல்ல காலம் பிறந்து அடிப்படைத் தகுதி கிடைத்தால், இந்தக் கட்டுரையின் தலைப்பு உங்களுக்குப் பயன்படத் தொடங்கும்.

வயர்லெஸ்ஸில் யாரோ உதவி கேட்டு அலறுவார்கள். நான்கு பக்கமும் ‘போலீஸ்’ என்று எழுதிய காரில் நீங்கள் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருப்பீர்கள். பக்கத்து டாக்ஸிக்காரர் உங்களை ஏறிட்டுப் பார்ப்பார். பின்சீட்டுக் குழந்தை கை ஆட்டும். இந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. என் யோசனை இதுதான்: ஏதோ ரகசியக் கண்காணிப்பில் இருப்பதைப்போல் தூரத்தில் ஒரு கட்டடத்தைப் பாருங்கள். கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள், பார்த்தால் தெரிந்துவிடும். லண்டனில் உடனடி அழைப்புக்கு 15 நிமிடம், அதற்கு அடுத்த தரத்துக்கு ஒரு மணி நேரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். போக்குவரத்தோடு போக்குவரத்தாக ஊர்ந்து போகிறவருக்கு இரண்டாவது இலக்குதான் ஏற்றது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1930களில் லண்டன் போலீஸ் வண்டிகள் மோதாத பொருள் இல்லை என்கிற நிலை. அதனால் ஹெண்டனில் ஓட்டுநர் பள்ளி தொடங்கினார்கள். கார்ப் பந்தயத்தில் ஓட்டிய காட்டன்ஹாம் பிரபு வந்து பாடத்திட்டத்துக்கு உருவம் கொடுத்தார். பந்தயக்காரர் கற்றுக்கொடுத்தது வேகத்தை அல்ல, பொறுமையை. அந்த வழியில் வந்த ‘ரோட்கிராஃப்ட்’ என்ற கையேடு 1955-இல் புத்தகமாக வெளியாகி இன்றுவரை திருத்தித் திருத்திப் பதிப்பிக்கப்படுகிறது. தகவல், இடம், வேகம், கியர், முடுக்கம் என்ற வரிசையை அதில் ஓயாமல் ஓதுவார்கள். ஒரு வளைவு வந்தால் இந்த ஐந்தையும் இதே முறையில் செய்து முடிக்க வேண்டும். நாம் பெரும்பாலும் ஐந்தாவதில் தொடங்கி, தகவலை ஆஸ்பத்திரியில் தெரிந்துகொள்கிறோம்.

பயிற்சியில் இன்னொரு சடங்கு, பேசிக்கொண்டே ஓட்டுவது. கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “முன்னால் பஸ் நிற்கிறது, அதற்கு அடியில் கால்கள் தெரிகின்றன, யாரோ குறுக்கே வரலாம். வாசல்களில் குப்பைத் தொட்டி வைத்திருக்கிறார்கள், அடுத்த திருப்பத்தில் குப்பை லாரி இருக்கும். வேலிக்கு மேலே மரங்கள் இடப்பக்கம் வளைகின்றன, சாலையும் அப்படித்தான்.” வானொலியில் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. தமிழில் சொல்லாமல் இருந்தால் சரி. கிண்டலை விட்டுச் சொன்னால், போலீஸ்காரர்களுக்கு மட்டுமல்லாமல் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டிய பயிற்சி இது. ஒருநாள் பேசிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள்; நாம் எதையெல்லாம் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று புரிந்துபோகும்.

சரி, ரெஸ்பான்ஸ் தகுதியும் வந்துவிட்டது. விளக்கைப் போடலாம். போட்டவுடன் சட்டம் மொத்தமும் விலகி வழிவிடும் என்று நினைக்காதீர்கள். வேக வரம்பைத் தாண்டலாம். சிவப்பு விளக்கை ‘வழிவிட்டுச் செல்’ பலகையாக எடுத்துக்கொள்ளலாம். ‘இடப்பக்கம் போ’ என்கிற அம்புக்கு வலப்பக்கம் போகலாம். அவ்வளவுதான். ரயில்வே கேட்டில் சிவப்பு மினுக்கினால் நீங்களும் நிற்க வேண்டும். ரயிலுக்கு உங்கள் பதவி தெரியாது. அபாயகரமாக ஓட்டினீர்கள் என்று உங்கள் மேலேயே வழக்குப் போடவும் முடியும். 2022 வரை இதில் ஒரு விசித்திரம் இருந்தது. போலீஸ்காரர் ஓட்டியது சரியா என்பதைச் சாதாரணமான, கவனமான ஓட்டுநர் ஒருவரோடு ஒப்பிட்டுத்தான் நீதிமன்றம் பார்க்கும். சாதாரணமான, கவனமான ஓட்டுநர் சிவப்பு விளக்கைத் தாண்டுவாரா? மாட்டார். அப்படியானால் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் செய்ததே குற்றம். அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தி, அதே பயிற்சி பெற்ற இன்னொரு போலீஸ் ஓட்டுநரோடு ஒப்பிட வேண்டும் என்று மாற்றினார்கள்.

வழியில் வேகக் கேமரா படமெடுத்தால் நோட்டீஸ் வரத்தான் செய்யும். எந்த அழைப்புக்குப் போனீர்கள், தேவை இருந்ததா என்று பதில் சொல்ல வேண்டும். காரிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. எப்போது விளக்குப் போட்டீர்கள், எவ்வளவு வேகம், எங்கே பிரேக் அழுத்தினீர்கள் என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். சித்திரகுப்தனுக்கு வேலை போய்விட்டது. மோதல் சின்னதாக இருந்தாலும் ‘போலாக்’, அதாவது போலீஸ் வண்டி விபத்து என்று பதிவாகும். விசாரணை முடியும்வரை மறுபடி இடப்பக்க இருக்கை. யாராவது காரை நிறுத்தாமல் ஓடினால் துரத்தவும் தானாக முடியாது. துரத்தத் தொடங்கியதை உடனே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் அனுமதித்தால்தான் தொடரலாம். சாதாரண ரெஸ்பான்ஸ் ஓட்டுநருக்கு ஆரம்பக் கட்டம் மட்டும்தான். பிறகு அட்வான்ஸ்டு ஆட்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் பின்னால் போய், விழுந்த பம்பரைப் பொறுக்கலாம்.

இனி கார். பிரிட்டிஷ் போலீஸ் கார்களுக்குப் பெயர் வைத்தவர்கள் சாப்பிடாமல் வேலைக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை போட்ட பழைய கார் ‘ஜாம் சாண்ட்விச்’. 1990களில் வந்த மஞ்சள், நீலக் கட்டங்களுக்கு ‘பேட்டன்பர்க்’, அதாவது கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு கேக். அதற்கு முன், 1960களில் லங்காஷயரில் ஃபோர்டு ஆங்கிலியாவுக்கு நீலமும் வெள்ளையும் அடித்து, தெருத்தெருவாக ரோந்து நடந்துகொண்டிருந்த கான்ஸ்டபிளைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தார்கள். அதற்கு மட்டும் ‘பாண்டா’ என்று சாப்பிட முடியாத பெயர். அன்றைக்கு ஏறி உட்கார்ந்த கான்ஸ்டபிள் இன்னும் இறங்கவில்லை என்பது இங்கிலாந்துக் கிழவர்களின் நிரந்தரப் புகார்.

ஷிஃப்ட் தொடங்கியதும் காரைச் சோதிக்க ‘பவுடரி’ என்று ஒரு சொல் கொடுத்திருப்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வேலை: பெட்ரோல், ஆயில், தண்ணீர், அடிபட்ட இடம், மின்சாமான், டயர். கடைசி எழுத்து நீங்கள்தான். வண்டி ஓட்டும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு ஷிஃப்டின் நான்காவது நாளில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லாதீர்கள், ஊரில் ஒரு காரும் ஓடாது. முதல் எழுத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே போலீஸ் வண்டிகளில் டீசலும் உண்டு, பெட்ரோலும் உண்டு. அவசரத்தில் ஒன்றில் மற்றதை ஊற்றுகிறவர்கள் எல்லாக் காவல்துறையிலும் இருக்கிறார்கள். மூடியில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும். அதையும் மீறி ஊற்றினால், ஓய்வு பெறும் நாள்வரை நண்பர்கள் உங்களுக்கு அந்தப் பெயரையே வைத்துக் கூப்பிடுவார்கள். அப்படிச் செய்தவர் அடுத்த நாள் எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். முதல் கைதுக்கும் கேக், காரைக் கீறினாலும் கேக், செய்தியில் முகம் வந்தாலும் கேக்.

அடுத்தது இடுப்பு. வட அயர்லாந்தைத் தவிர பிரிட்டனில் பெரும்பாலான போலீஸ்காரர்களிடம் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி தேவைப்பட்டால் அதற்கென்று தனி வண்டி வரும். லண்டனில் 1991-இல் தொடங்கினார்கள். ஒரு வண்டியில் மூன்று பேர், வெளியே மஞ்சள் வட்டம் ஒட்டியிருக்கும். அது வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது, சொன்ன இடத்தில் சொன்ன தூரத்தில் நிற்பது. கேட்க எளிது. வீட்டுக்குள் யாரோ கத்துவது காதில் விழும்போது நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பயிற்சி என்று நினைக்கிறேன்.

துப்பாக்கி இல்லாவிட்டால் என்ன, இடுப்பைச் சுற்றி மற்றதெல்லாம் தொங்கும். பழைய மரத்தடி போய், 1990களில் உதறினால் நீளும் இரும்புத் தடி வந்தது. கைவிலங்கு, நடுவில் சங்கிலி இல்லாத விறைப்பான வகை. கத்தி தடுக்கும் உடுப்பு, அதன்மேல் கேமரா, அதன்மேல் வயர்லெஸ். இத்தனையும் மாட்டிக்கொண்டு சிறிய காரின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவதற்கு ஒரு தனிப் பயிற்சி நடத்தலாம். பெல்ட் கொக்கி என்று நினைத்து விலங்கின் பையைத் திறப்பது முதல் மாதத்தில் சகஜம்.

இவற்றில் தமிழர்களுக்கு நெருக்கமானது ‘பாவா’ தெளிப்பான். முன்னே இருந்த சி.எஸ். கண்ணீர்ப்புகைத் தெளிப்பானை ஒதுக்கிவிட்டுப் பெரும்பாலான இடங்களில் இதைக் கொடுத்திருக்கிறார்கள். இதன் காரம் மிளகாயில் இருக்கும் காரத்தின் நெருங்கிய உறவு, ஆய்வகத்தில் தயாராகிறது. கண்ணில் பட்டால் கண் மூடிக்கொள்ளும், திறக்காது. குண்டூர் மிளகாய் வறுத்த சமையலறையில் வளர்ந்த நமக்கு இது ஒன்றும் செய்யாது என்று பயிற்சி வகுப்பில் பெருமை பேசாதீர்கள். செய்யும். காற்று எதிர்த்து வீசினால் அது உங்களுக்கும் வரும், கூட நிற்பவருக்கும் வரும். பிறகு விலங்கு மாட்டியவரைக் காரில் ஏற்றி ஜன்னலை மூடினால், நான்கு பேரும் சேர்ந்து அழுதுகொண்டே நிலையத்துக்குப் போகலாம்.

மின்சார அதிர்ச்சி தரும் கருவியான டேசர் தனிக் கதை. 2003-இல் சில காவல்துறைகளில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் மட்டும் சோதனைக்குக் கொடுத்தார்கள். சில வருஷங்களில் மற்றவர்களுக்கும் வந்தது. விண்ணப்பித்து, தேர்வாகி, பயிற்சி முடித்தால்தான் கையில் கிடைக்கும்; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் நிறம், துப்பாக்கி என்று யாரும் தவறாக நினைக்கக் கூடாதே என்பதற்காக. இதில் வேடிக்கை, சுட வேண்டியதே இல்லை. உறையிலிருந்து எடுத்தாலே ‘பயன்படுத்தியதாக’ கணக்கு. சிவப்புப் புள்ளியை ஒருவர் மார்பில் காட்டினாலும் கணக்கு. பெரும்பாலான தடவை அந்தப் புள்ளியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. குடித்துவிட்டுக் கத்தியவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே போடுகிறார். உங்களுக்கு மட்டும் முடியாது. படிவம் இருக்கிறது. 2017-இலிருந்து, பலம் பயன்படுத்திய ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். சாதுவாகக் கையை நீட்டினவருக்கு விலங்கு மாட்டினாலும் அதுவும் பலம்தான். படிவத்துக்குப் பயந்தே பலர் வாயால் பேசித் தீர்க்கப் பழகுகிறார்கள். பேசத் தெரிந்தவர்தான் நல்ல போலீஸ்காரர் என்று அங்கே மூத்தவர்கள் சொல்வார்கள். படிவம் அடித்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உடல் தேர்வைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 15 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடு. மணி அடிக்க அடிக்க அங்கும் இங்கும் ஓடி 5.4 என்ற கட்டத்தை எட்டினால் போதும். தண்ணீர்க் குழாயில் நீர் நின்றுபோகும் ஊரில் குடத்தோடு ஓடியவர்களுக்கு இது ஒரு ஓட்டமே அல்ல. ஆனால் தேதியைப் பாருங்கள். ஓட்டம், முதலுதவி, தற்காப்பு, டேசர், ஓட்டுநர் தகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதி இருக்கிறது. ஒன்று தவறினாலும் அன்றைக்கு நீங்கள் நிலையத்துக்குள்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காரில் எத்தனை பேர்?

2010-க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 20,000 போலீஸ்காரர்களைக் குறைத்தார்கள். 2019-இல் ஒரு பிரதமர் 20,000 பேரைச் சேர்க்கப்போவதாக அறிவித்தார்; 2023 மார்ச்சில் சேர்த்து முடித்தார்கள். கணக்கு நேர். ஆனால் போனவர்கள் அனுபவசாலிகள், வந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். ஓட்டுநர் பயிற்சிக்கு வரிசை நீண்டுவிட்டது. ஆள் இருக்கிறது, கார் இருக்கிறது, விளக்குப் போட்டு ஓட்டத் தகுதி உள்ளவர் ஒருவர்தான் என்கிற ஷிஃப்டுகள் சாதாரணம்.

மேலிருப்பவர்களுக்கு இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. பத்துப் பேரை இரண்டிரண்டாக உட்கார வைத்தால் ஐந்து கார். ஒவ்வொருவராக உட்கார வைத்தால் பத்துக் கார். ஒரே இரவில் காவல்துறை இரட்டிப்பாகிவிட்டது! வரைபடத்தில் பத்துப் புள்ளிகள் மினுங்கும். சரி, தனியாக வந்த நீங்கள் ஒருவரைக் கைது செய்கிறீர்கள். அவரை எங்கே உட்கார வைப்பீர்கள்? முறைப்படி பின்சீட்டில் இடப்பக்கம். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார வைத்தால் கழுத்தைப் பிடித்துவிடலாம். ஓட்டுநருக்குப் பின்னால் இன்னொரு போலீஸ்காரர் உட்கார்ந்து அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒருவர்தானே? ஆகவே இன்னொரு காரைக் கூப்பிடுகிறீர்கள். அதிலும் ஒருவர். அவர் தன் காரைப் பூட்டிவிட்டு உங்கள் காரில் ஏறுகிறார். மூவரும் நிலையம் போகிறீர்கள். தெருவில் ஒரு போலீஸ் கார் ஆளில்லாமல் நிற்கிறது; அதைக் கொண்டுவர மூன்றாவது கார் போக வேண்டும். வரைபடத்தில் அது இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கிறது. ரோந்து போகிறது என்று கணக்கு.

இருவர் போனால் எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2012 செப்டம்பர் 18-ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்தில் பொய்யாக ஓர் அழைப்பு வந்தது. நிகோலா ஹியூஸ், ஃபியோனா போன் என்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒரே வண்டியில் போனார்கள். அழைத்தவன் அவர்களைக் கொல்லக் காத்திருந்தான். துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் கொன்றான். சாதாரணப் புகாருக்குப் போன இருவர் அவர்கள். எந்தப் பயிற்சிக் கையேடும், எத்தனை பேர் என்ற எந்தக் கணக்கும் அப்படி ஒரு நாளுக்கு விடை வைத்திருக்காது. ஆனால் மற்ற எல்லா நாட்களுக்கும் விடை இருக்கிறது. சண்டை போடுகிற புருஷனையும் பெண்டாட்டியையும் வெவ்வேறு அறையில் வைத்துப் பேச இரண்டு பேர் வேண்டும். கூரையில் நிற்கிற பையனிடம் ஒருவர் பேச, கன்ட்ரோல் ரூமிடம் இன்னொருவர் பேச வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் வயர்லெஸ்ஸைக் கேட்டு வழியும் சொல்லி, போகும் வீட்டில் முன்பு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். தடி, தெளிப்பான், டேசர், கேமரா என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சாமான்களில் இந்த இரண்டாவது ஆள் மட்டும் இல்லை. போலீஸ்காரர்களின் சங்கம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 43 காவல்துறைகளும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன.

ஆகவே கூட உட்காரக் கிடைத்தவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் போடுவது இளையவரின் கடமை. யாருக்கு எத்தனை சர்க்கரை என்பதைச் சட்டப் பிரிவுகளுக்கு முன்னால் மனப்பாடம் செய்யுங்கள். “இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே” என்று மட்டும் வாய் தவறிச் சொல்லாதீர்கள். சொன்ன அரை மணியில் ஊர் பற்றி எரியும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பல்லி சொல்வதை நம்புகிற நாம் சிரிக்க முடியாது. பூண்டு ஊறுகாய் சாதத்தைக் காரில் திறக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒரே காற்று.

பெரும்பாலான ஷிஃப்டுகளில் நீங்கள் துரத்த மாட்டீர்கள். காணாமல் போன பாட்டியைத் தேடுவீர்கள், அடிபட்ட கைதியோடு ஆஸ்பத்திரி நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பீர்கள், உடைந்த கதவுக்குப் பலகை அடிக்க ஆள் வரும்வரை காத்திருப்பீர்கள். நீல விளக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது யாராவது வந்து, “இன்றைக்கு என்னோடு வருகிறாயா?” என்று கேட்டால், எந்த வண்டி, யார் ஓட்டுவது என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஏறிக்கொள்ளுங்கள்.